விஆர் கண்ணாடி இருந்தால் ஆசிரியர் தேவையில்லையா?

தம்பி, "விஆர் கண்ணாடியை மாட்டினால் கம்பஸ் பிள்ளைகள் தானாகவே ஆங்கிலம் பேசுவார்கள், ஆய்வே நிரூபித்துவிட்டது, இனி விரிவுரையாளர் எதற்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். விஆர் என்றால் மெய்நிகர் உலகம்; அந்தக் கண்ணாடி கணினிக் காட்சிக்குள் நாமே நிற்பதுபோல் காட்டும். ஆனால் நீங்கள் எழுதியது சரியில்லை. 2019இல் 'லேர்னிங் அண்ட் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற கல்வி ஆய்விதழில் மக்ரான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வு வந்தது. விஆர் கண்ணாடி போட்ட பல்கலைக்கழக மாணவர்கள் காட்சியில் தெரிந்த இடத்திலேயே நிற்பதுபோல் உணர்ந்தார்கள். ஆனால் சாதாரணத் திரையில் படித்தபோது கற்றதைவிடக் குறைவாகத்தான் கற்றார்கள். அது அறிவியல் ஆய்வுகூடப் பாடம், ஆங்கிலம் அல்ல. இருந்தாலும், மூழ்கிப் பார்த்தாலே கூடுதலாகக் கற்போம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதற்கு அது போதும்.

விஆர் கைகொடுக்கக்கூடிய இடம் வேறு. இங்கே திருகோணமலையில், நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கை நடுங்குகிற முதலாம் வருடப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்கள் கூச்சமில்லாமல் திரும்பத் திரும்பப் பேசிப் பழக விஆரில் தெரியும் ஒரு கற்பனைச் சபை உதவும். அப்புறம் உச்சரிப்பையும் வசனத்தையும் கேட்டுத் திருத்த விரிவுரையாளர்தான் வேண்டும்.

இன்னொன்று, விஆர் பார்க்க "எந்தப் போனும் போதும்" என்று நீங்கள் எழுதியதும் பிழை. 2014இல் வந்த கூகுள் கார்ட்போர்ட் போல, போனைச் செருகி விஆர் பார்க்கும் அட்டைப் பெட்டிக்கு, தலை திரும்புவதைச் சரியாக உணர கைரோஸ்கோப் என்ற உணரி உள்ள போன் வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது. வாங்குமுன் பாருங்கள்.