முத்துக்குள்ளே ஓர் ஆள்

பாளையங்கோட்டையில் ஒரு தெரு வீடு. சாயங்காலம் நாலரை மணி. கோமதி மைனிக்கு 62 வயது. கொழுந்தன் சங்கரபாண்டி முப்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்திவிட்டு, இப்போது பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு நிறுத்திக்கொண்டவர். உடனே வா என்று மைனி போன் போட்டதால், கட்டியிருந்த பச்சைக் கட்டம் போட்ட சாரத்தோடு அப்படியே சைக்கிள் ஏறி வந்துவிட்டார். கூடத்தில் டியூப்லைட் எரிகிறது. மேஜைமேல் ஒரு குட்டி டப்பா திறந்திருக்கிறது. மைனியின் வாய் மட்டும் மூடியிருக்கிறது. அதுவே கெட்ட சகுனம்.

சங்கரன்: என்ன மைனி இது? தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டா?

மைனி: பார்த்தாயா, உன் வாயிலேயே வந்துவிட்டது. இது டஹிட்டி முத்து. சங்கிலியில் டாலராகக் கோத்துப் போட வாங்கினேன். 4,500 ரூபாய். போனில் பார்த்து வாங்கியது.

சங்கரன்: டஹிட்டி எங்கே இருக்கிறது?

மைனி: பசிபிக் கடலில். பிரெஞ்சு பொலினீசியா என்று ஒரு தீவுக் கூட்டம். உள்ளதைச் சொன்னால் முத்துப் பண்ணைகள் பெரும்பாலும் டஹிட்டியிலேயே இல்லை. டுவாமோட்டு, காம்பியே என்று தள்ளியிருக்கிற தீவுகளில்தான் இருக்கின்றன. வியாபாரம் டஹிட்டி வழியாக நடக்கிறதனால் அந்தப் பேர்.

சங்கரன்: உடன்குடிக் கருப்பட்டி மாதிரி. அவ்வளவு பனையும் உடன்குடியிலேயா நிற்கிறது?

மைனி: அதேதான். அந்தச் சிப்பிக்கு ஓரம் கறுப்பு. அதனால் முத்தும் கறுப்பு. சாயம் போடாமலே கறுப்பு. ஒரு மாசம் தூக்கம் முழித்துப் படித்திருக்கிறேன், என்னை ஒன்றும் கேட்காதே.

சங்கரன்: நான் கேட்கிறது வேறு. முத்துக்கு நாம் பசிபிக் வரைக்கும் போகணுமா? கொற்கை நமக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஒரு பேராசிரியருக்கு ஸ்லைடு எடுத்துக் கொடுக்கும்போது கேட்டேன், பெரிப்ளூஸ் என்கிற கிரேக்கப் புத்தகத்திலேயே கொற்கை முத்து வருகிறதாம். தண்டனைக் கைதிகளை இறக்கித்தான் முத்துக் குளித்தார்களாம்.

மைனி: அப்போது முத்து எடுக்கிறவனுக்குத் தண்டனை. இப்போது வாங்குகிறவளுக்கு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல், நான் பிறக்கிறதுக்கு முன்னால். 1973-ல் அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். நம் சிப்பி சின்னச் சிப்பி, முத்தும் சின்னது, வெள்ளை. இன்றைக்கு முத்துநகர் என்றால் ரயில்தான் ஞாபகம் வருகிறது.

(சங்கரபாண்டியின் போன் அடிக்கிறது. பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைக்கிறார்.)

மைனி: யாரு?

சங்கரன்: அம்பை அக்கா. பேரனுக்குக் காதுகுத்து. போட்டோ எடுக்க வா என்பாள். காசும் தரமாட்டாள், சாப்பாட்டையும் கடைசிப் பந்தியில் போடுவாள். மெட்ராஸில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் உளறிவிடாதீர்கள்.

மைனி: பகவதியிடமா? நான் ஏன் வாயைத் திறக்கிறேன். நீ இந்தப் படத்தைப் பார். இதுதான் அவன் போட்டிருந்தது.

சங்கரன்: அடேயப்பா. மயில் கழுத்தில்ல!

மைனி: அந்த நிறத்துக்குப் பேரே 'பீகாக்'தான். பச்சை, அதற்குமேல் ஒரு ரோஸ் ஓடும். பிஸ்தா நிறம் என்று இன்னொன்று. கத்தரிக்காய் நிறம் என்றும் ஒன்று இருந்தது. கறுப்பு முத்து வாங்க வந்து வெள்ளையை எதற்கு வாங்க என்று அதை விட்டுவிட்டேன்.

சங்கரன்: கத்தரிக்காய் எப்போது வெள்ளை ஆச்சு?

மைனி: நம்ம சந்தையில் வெள்ளைக் கத்தரிக்காய்தானே நல்ல காய்? ஊதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இதையும் பார், படத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. வந்தது சுண்டைக்காய்.

சங்கரன்: ஸ்கேல் கொண்டாங்க. (அளக்கிறார்.) ஒன்பது மில்லிமீட்டர். அவன் என்ன போட்டிருக்கிறான்?

மைனி: ஒன்பதுதான்.

சங்கரன்: படிக்கவில்லையா?

மைனி: படித்தேன். படத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். எட்டில் இருந்து பதினாலு வரைக்கும்தான் சாதாரணமாக வருமாம். அதற்குமேல் போனால் நம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பான். அளவு கிடக்கட்டும். இது அசலா போலியா, அதைச் சொல். திருப்பி அனுப்ப நாளையோடு கெடு முடிகிறது.

சங்கரன்: எப்படிப் பார்க்கிறது?

மைனி: பல்லில் மெதுவாக உரசணுமாம். அசல் என்றால் நறநற என்று பொடி மணல் மாதிரி இருக்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ என்றால் வழுக்கும். (உரசுகிறார்.) வழுக்குதே! நாலாயிரத்து ஐந்நூறு போச்சே!

சங்கரன்: முன்பல்லில் உரசுங்கள்.

மைனி: முன்பல்தான்.

சங்கரன்: அது போன ஆவணியில் கட்டின பல் இல்லையா?

(சிறிது நேரம் யாரும் பேசவில்லை.)

சங்கரன்: போலிப் பல்லை வைத்து முத்தைப் போலி என்கிறீர்கள்.

மைனி: எதை ஏல போலி என்கிறாய்? பல்லுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்திருக்கிறேன். முத்தைவிட இது விலை ஜாஸ்தி.

சங்கரன்: கொண்டாங்க, நான் பார்க்கிறேன்.

மைனி: உன் வாயிலா? வெற்றிலைக் காவி பட்டால் திரும்ப எடுக்கவே மாட்டான். உன் லென்ஸ் இருக்குமே, அதை எடு. முத்தைக் கோக்கத் துளைத்த ஓட்டை வழியாகப் பார்.

(நெகட்டிவில் மருவும் பருவும் அழிக்க வைத்திருந்த பழைய லென்ஸ் அது. எத்தனை கல்யாணம் அதனால் நடந்தது என்பது சங்கரபாண்டிக்குத்தான் தெரியும்.)

சங்கரன்: உள்ளே வெள்ளையாக ஒரு உருண்டை. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒரு படை.

மைனி: அந்த உருண்டைதான் மணி. அமெரிக்காவில் மிசிசிப்பிப் பக்கத்து ஆற்றுச் சிப்பியின் மேலோட்டைக் கடைந்து செய்வது. அதைக் கறுப்புச் சிப்பிக்குள் வைத்து ஒன்றரை, இரண்டு வருஷம் கடலில் தொங்கவிடுவார்கள். அந்நியச் சாமான் வந்துவிட்டதே என்று சிப்பி அதன்மேல் பூசிக்கொண்டே இருக்கும்.

சங்கரன்: வந்தவரை வெளியே தள்ள முடியாமல் பூசி மெழுகுகிறது.

மைனி: நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா செய்யாத வேலை. சரி, ஓட்டை ஓரத்தில் மசி மாதிரித் தேங்கியிருக்கிறதா? சாயம் ஏற்றியிருந்தால் அங்கே கறுத்து நிற்கும்.

சங்கரன்: ஒன்றும் தேங்கவில்லை. மணி சுத்த வெள்ளை. மேல்தோல்தான் கறுப்பு. சந்தேகம் தீரணும் என்றால் லேபுக்குத்தான் அனுப்பணும். ஆனால் எனக்கு இது சாயம் மாதிரித் தெரியவில்லை.

மைனி: அப்போது என் மயில் எங்கே போச்சு?

சங்கரன்: அந்தப் படத்தை இங்கே கொடுங்கள். பெரிசாக்குகிறேன். இன்னும் கொஞ்சம். ம்ம்... ஆள் இருக்கிறான்.

மைனி: எங்கே?

சங்கரன்: முத்துக்குள்ளே.

மைனி: ஆத்தாடி!

சங்கரன்: பயப்படாதீர்கள், விற்கிறவன்தான். நீல பனியன். கையில் போன். பக்கத்தில் ஜன்னல். மேலே பாருங்கள், ரெண்டு வெள்ளைப் பொட்டு. ரெண்டும் லைட். ஒரு மூலையில் கொடியில் துணி காய்கிறது. முத்து என்கிறது குண்டுக் கண்ணாடி மைனி, முன்னால் நிற்கிறது அத்தனையும் உள்ளே போய்விடும்.

மைனி: என் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் முத்துக்குள் அவன் துண்டு காய்கிறதா?

சங்கரன்: அது நல்லதுக்குத்தான். ஜன்னல் கம்பியை எண்ணுங்கள்.

மைனி: ஒன்று, ரெண்டு... ஏழு.

சங்கரன்: எண்ண முடிகிறது இல்லையா? கம்பி கத்தி மாதிரித் தெரிந்தால் மினுமினுப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதே ஜன்னல், சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுந்த வெளிச்சம் மாதிரிக் கலங்கலாக இருந்தால் அந்த முத்தைத் தொடவே வேண்டாம். போட்டோவில் இதை ஓரளவுக்கு நம்பலாம். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

மைனி: ஏன்?

சங்கரன்: முத்தைப் பிடித்திருக்கிற அவன் விரலைப் பாருங்கள்.

மைனி: ஊதாவாக இருக்கிறது. நாவல்பழம் தின்றிருப்பானோ?

சங்கரன்: ஒரு பழமும் இல்லை. நிறத்தைத் தூக்கிவிட்டிருக்கிறான். முத்தின் நிறம் எது என்று நமக்குத் தெரியாது, விரலின் நிறம் தெரியுமில்லையா? விரல் ஊதா என்றால் மயிலிலும் பாதி கூட்டின சரக்கு. கையோடு எடுத்த படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்கணும். அடியில் கறுப்புத் துணி விரித்து எடுத்தால் வேறு மாதிரி இருக்கும், வெள்ளைத் துணி விரித்தால் அதுவே வேறு மாதிரி. பகல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டி ஒரு வீடியோ கேட்டிருக்கலாம்.

மைனி: கேட்டேன். அனுப்பினான். பின்னால் பாட்டு ஓடியது. பாட்டு நன்றாக இருந்தது.

சங்கரன்: முத்து?

மைனி: அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

சங்கரன்: அது போகட்டும். ஜங்ஷனில் பட்டுப்புடவை எடுக்கப் போனால் என்ன செய்வீர்கள்?

மைனி: கடைக்குள்ளே லைட்டில் நிறம் ஏமாற்றும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன்.

சங்கரன்: போன தடவை புடவையோடு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டீர்கள், கடைப் பையன் பின்னாலேயே ஓடி வந்தான். புடவைக்கு அவ்வளவு செய்கிறவர், முத்தை மட்டும் ஆறு நாளாக டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்திருங்கள்.

(இருவரும் திண்ணைக்கு வருகிறார்கள். வடக்குப் பார்த்த வாசல். வெயில் நேராக விழாத, இதமான வெளிச்சம். இந்த மாதிரி வெளிச்சத்துக்காகத்தான் பழைய ஸ்டூடியோக்காரர்கள் வாடகை கூடக் கொடுத்தார்கள்.)

மைனி: ஏல... சங்கரா... உள்ளே ஏதோ ஓடுது!

சங்கரன்: அசைக்காதீர்கள். இப்போது மெதுவாகத் திருப்புங்கள்.

மைனி: சாம்பல்தான். ஆனால் சாம்பலுக்குள் பச்சை. திருப்பினால் ரோஸ். நிறுத்தினால் ஓடி ஒளிந்துகொள்கிறது.

சங்கரன்: அடி நிறம் சாம்பல். மேலே ஓடுகிறது, படை படையாகப் பூசினதில் வெளிச்சம் பட்டு வருகிற நிறம். அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவன் அது ஓடுகிறபோது ஒரு நொடியைப் பிடித்து, மேலே கொஞ்சம் பெயின்டும் அடித்துப் போட்டான்.

மைனி: இது என்ன, பின்னால் பம்பரத்துக் கோடு மாதிரி வளையம்?

சங்கரன்: படத்தில் இல்லையே.

மைனி: ஒரே பக்கமாக எடுத்திருக்கிறான், களவாணி. வளையம் உள்ளதுக்கு விலை குறைவு என்று படித்தேன். அதுதான் நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்திருக்கிறது.

சங்கரன்: முப்பது வருஷம் நானும் மாப்பிள்ளைகளை நல்ல பக்கமாகத்தான் மைனி எடுத்தேன். அண்ணனையும் சேர்த்து.

மைனி: தெரியும். இடது காதைக் கல்யாணத்தன்றுதான் பார்த்தேன். (முத்தை மறுபடி திருப்புகிறார்.) கழுத்தில் போட்டால் வளையம் பின்னால் போய்விடுமா?

சங்கரன்: திருப்பி அனுப்பணும் என்றீர்களே?

மைனி: கேட்டதற்குப் பதில் சொல்.

சங்கரன்: போய்விடும்.

மைனி: சரி, ஒரு படம் எடு. பகவதிக்கு அனுப்பணும். போன மாசம் அவள் வைரத்தோட்டை அனுப்பினபோது நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எடுத்துவிட்டுக் கொஞ்சம் பச்சையைத் தூக்கிவிடு.

சங்கரன்: இப்போதுதானே அவனைக் களவாணி என்றீர்கள்?

மைனி: அவன் விற்கிறதுக்குச் செய்தான். நான் விற்கவா போகிறேன்?

சங்கரன்: முடியாது மைனி. உள்ளதை உள்ளபடி எடுப்பேன். வெளிச்சம் போதும். உள்ளங்கையில் வையுங்கள். (குத்தவைத்து, போனை முத்துக்கு மிக அருகில் கொண்டுபோகிறார்.) ஆச்சு.

மைனி: ஏ, பச்சை நல்லா வந்திருக்கே! கையில் பார்க்கிறதைவிடக் கூட வந்திருக்கு!

சங்கரன்: வடக்கு வெளிச்சம் மைனி. முப்பது வருஷ அனுபவம்.

மைனி: அனுப்பிவிட்டேன். 'டஹிட்டி முத்து, எடிட் பண்ணாத படம்' என்றும் போட்டுவிட்டேன்.

(இரண்டு நிமிஷத்தில் பதில் வருகிறது. மைனி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிக்கிறார்.)

மைனி: 'முத்து நல்லா இருக்கு மைனி. பெரிசாக்கிப் பார்த்தேன். பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சாரம் உள்ளே தெரியுது. மெட்ராஸில் இருந்து எப்போ வந்தானாம்?'