நாலு மானுக்காகவோ?

ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்துக்கு வந்தவைக்கு நான் எதைச் சொல்லுறன் எண்டு விளங்கும். வராதவையும் அந்த வீடியோவை இதுக்குள்ள நாலு குரூப்பில பாத்திருப்பியள். "நாலு மானுக்காக 151 காத்தாடியைக் கழட்டச் சொல்லினம், இதுகளுக்கு எங்கட வரிக்காசு வேற" எண்டு ஒரு பேச்சாளர் மைக்கில சொல்ல மண்டபமே கைதட்டிச்சுது. காத்தாடி எண்டு அவர் சொன்னது நோர்வேயில ஃபோசன் எண்ட இடத்தில கரண்டு எடுக்க நிறுத்தின காத்தாலையளை, மான் எண்டது அங்கத்தைப் பழங்குடி ஆக்கள் மந்தையா மேய்க்கிற பனிமானை. நானும் ரெண்டாம் வரிசையில வடையோட இருந்தனான். எழும்பி ஒண்டும் கேக்கேல்லை. அந்தக் கோபம்தான் இது, பாதி அவரில, பாதி என்னில.

அது மான் பிரச்சனை இல்லை. காணிப் பிரச்சனை. இதை எத்தினை தரம் சொன்னாலும் ஒருத்தருக்கும் ஏறாது போல கிடக்கு.

ஃபோசன்ல என்ன நடந்தது எண்டு வாசிக்காமலே மேடை ஏறிட்டார். 2021 ஒக்டோபர் 11, நோர்வே உச்ச நீதிமன்றம், 11 நீதிபதிகள், ஒருத்தர்கூட மாறிச் சொல்லேல்லை. ஸ்டோர்ஹெய்யா, ரூவான் ரெண்டு இடத்திலயும் காத்தாடி போடக் குடுத்த அனுமதி செல்லாது, அங்க மான் மேய்க்கிற சாமி ஆக்களின்ர பண்பாட்டு உரிமையை மீறுது எண்டு தீர்ப்பு. (சாமி எண்டா கடவுள் இல்லை, அந்தப் பழங்குடி இனத்தின்ர பேர். என்ர அம்மா கடைசி மட்டும் இதைக் கேட்டுச் சிரிச்சவ.) சரி, வெண்டாச்சு. பிறகு? காத்தாடி சுத்திக்கொண்டே இருந்தது. தீர்ப்பு வந்து 500 நாள் ஆச்சு எண்டு 2023 பெப்ரவரியில பொடியள் ஒஸ்லோவில அமைச்சுக் கட்டடத்துக்குள்ள போய்க் குந்தினவை, பொலிஸ் தூக்கி வெளியில விட்டது, பேந்து மார்ச்சில அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், மன்னிப்புக் கேக்கேக்கையும் அது சுத்தினது. 2023 டிசம்பரிலயும் 2024 மார்ச்சிலயும் உடன்பாடு எண்டு கையெழுத்தும் வைச்சாச்சு. "கழட்டச் சொல்லினம்" எண்டு அந்த அழுகை அழுதாரே, ஒரு இறக்கையாவது கழண்டதோ?

நான் 91இல நோர்வேயின்ர வடக்குக் கரையில, போட்ஸ்ஃபியோர்ட்டில மீன் ஃபக்டரியில நிண்டனான், உங்களில கனபேரின்ர அப்பா அம்மா மாதிரி. பக்கத்தில நிண்டு மீன் வெட்டினது ஒரு சாமி மனிசி, அவவின்ர தமையன் மான் மேய்க்கிறவர். சேர்ந்த புதுசில "தமையனிட்ட எத்தினை மான் இருக்கு" எண்டு கேட்டுப்போட்டன். கத்தியை வைச்சிட்டு என்னைப் பாத்தா. "உன்ர பாங்கில எவ்வளவு கிடக்கு எண்டு நான் கேட்டனானோ?" எண்டா. எத்தினை பரப்புக் காணி, எவ்வளவு சீதனம் எண்டு கேட்டே வளந்த வாய் எங்கட வாய், அண்டைக்குத்தான் மூடினது.

அந்த வருசம் நவம்பரில பனி விழுந்து, அதுக்கு மேல ரெண்டு நாள் மழை பெஞ்சு, பேந்து குளிர் வந்து இறுகிட்டுது. எங்களுக்கு வழுக்கி விழுற கவலை. அவ ஃபக்டரிக்குப் பின்னால மேட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் சப்பாத்துக் குதியால நிலத்தில அடிச்சா, உடையேல்லை. மீன் கத்தியால குத்திக் குத்தி ஒரு துண்டைப் பேத்துக் கையில தந்தா. கண்ணாடி மாதிரி ஐஸ், உள்ளுக்குள்ள வெளிர் நிறத்தில லைக்கன், பாசி மாதிரி ஒரு சாமான், வருசத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். குளிர்காலத்தில மானுக்கு அதுதான் சோறு. "மான் மூக்கால தேடும். ஐஸுக்குள்ளால மணம் வராது" எண்டா. 2013இல ரஷ்யாவில யமால் பக்கம் இப்பிடித்தான் மழை பெஞ்சு உறைஞ்சு 61,000 மான் பட்டினியில செத்தது. அவர் சொன்ன நாலு மானில இதுவும் அடக்கமோ தெரியேல்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். இப்பிடி இறுகிற வருசம் மான் எங்க போகும்? காத்து அடிச்சுப் பனி தங்காத மேட்டுக்கு. காத்தாடி எங்க போடுவினம்? அதே மேட்டில. விளங்குதோ? அது சும்மா கிடந்த மலை இல்லை, கஷ்ட காலத்துக்கு வைச்சிருக்கிற காணி. மூட்டையில தீன் வாங்கிப் போடலாமே எண்டு கேக்கிறவைக்கு: போடினம்தான், காசும் போகுது, அடைச்சு வைச்சுத் தீன் போட்டா மானுக்குக் கண் வருத்தமும் தொத்துது.

"நீங்களும் கரண்டு கார்தானே ஓடுறியள்" எண்டு கேப்பியள். ஓம், ஓடுறன். அதுக்கு?

"ஸ்னோ ஸ்கூட்டரில மேய்க்கினம், ஹெலிகொப்டர் பிடிக்கினம், உதென்ன பண்பாடு?" உங்கட அப்பா ட்ரக்டரில உழுதவர், அவர் கமக்காரன் இல்லையோ? வேட்டியோட கலப்பை பிடிச்சாத்தான் நம்புவியளோ?

"மான் கூடிப்போச்சு, மேய்ச்சல் அழியுது எண்டு அரசாங்கமே சொல்லுது." வடக்கில ஃபின்மார்க் மாகாணத்தில சில இடத்தில அது உண்மையாவும் இருக்கலாம், அதை இன்னொரு நாள் கதைப்பம். ஆனா ஒரு இளம் சாமிப் பொடியனை மந்தையை 75 மானாக் குறை எண்டு சொல்லி, அவன் வழக்குப் போட்டு 2017இல உச்ச நீதிமன்றத்தில தோத்து, அவன்ர அக்கா 400 மான் மண்டையோட்டைப் பாராளுமன்றத்துக்கு முன்னால தொங்கவிட்டவ. அங்க தோத்தவனுக்குச் சட்டம் சட்டம்தான். ஃபோசன்ல வெண்டவைக்கு மட்டும் "பாப்பம், பேசுவம்".

என்னை உறுத்துறது அவரின்ர பேச்சுக்கூட இல்லை, அந்தக் கைதட்டல். எங்கட வீடு யாழ்ப்பாணத்தில வலிகாமம் வடக்கு. 90இல ஆமி அடைச்சது, நான் இஞ்ச மீன் வெட்டிக்கொண்டு நிக்கேக்கையும் அடைச்சபடிதான். அப்பா வருசா வருசம் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துத் துடைச்சு வைப்பார், காணியைக் காணாமலே போய்ச் சேந்திட்டார். "நட்டஈடு தாறம், வேற இடத்தில இருங்கோ" எண்டு அவரிட்ட ஆரும் சொல்லியிருந்தா அந்த ஆளை மேடையில ஏத்தி வடை குடுத்திருப்பியளோ? மண்டபத்தில இருந்தவையில அரைவாசிப் பேர் எங்கட பக்கத்து ஊர்ச் சனம். எனக்கு முகம் தெரியும்.

மத்தியானம் அவரிட்ட இருந்து மெசேஜ், "அக்கா அது பகிடிக்குச் சொன்னது, பதிவு கிதிவு போட்டிடாதேங்கோ" எண்டு. போட்டாச்சுத் தம்பி. கீழ வந்து அடிபடுறவை அடிபடுங்கோ, எனக்கு இரவு வேலை, விடியத்தான் பதில் போடுவன்.