செயினை இறுக்கினால் ஆயுள் கூடாது, குறையும்

"டோசர் செயின் தொங்கினால் கிரீஸ் அடித்து விறைப்பாக ஏற்றிவிடுங்கள், ஆயுள் கூடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செயின் என்பது டோசர் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புப் பட்டை. அட்ஜஸ்டர் என்ற உருளைக்குள் கிரீஸ் ஏற்றினால், அது முன் சக்கரமான ஐட்லரைத் தள்ளி செயினை இறுக்கும். இதை நம்பி யாரும் கிரீஸ் கன்னை எடுக்க வேண்டாம். செயின் அளவுக்கு மேல் இறுகினால் செயின் கண்ணிகளை இணைக்கும் பின்னும் (pin), அதைச் சுற்றியிருக்கும் குழலான புஷ்ஷும் சுமையோடு உரசிக்கொண்டே சுற்றும், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் சீக்கிரம் கூராகும், ஐட்லர் பேரிங்குக்கும் வேலை கூடும், டீசலும் வீண். ரிவர்ஸ் அதிகம் ஓட்டுபவர்களுக்கு புஷ் தேய்மானம் இன்னும் மோசம்.

சரி, எவ்வளவு தொய்வு வேண்டும்? வண்டியை முன்னோக்கி ஓட்டி, பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். ஐட்லருக்கும், செயினை மேலே தாங்கும் ரோலருக்கும் நடுவே செயின்மேல் நேரான கம்பி ஒன்றை வைத்து, கம்பியிலிருந்து செயின் அதிகம் இறங்கிய இடம் வரை அளந்து பாருங்கள். நடுத்தர டோசர்களில் பெரும்பாலும் 40 முதல் 60 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதுதான் கணக்கு. சேற்றில் வேலை என்றால் கழுவிவிட்டு அளக்காதீர்கள். ஸ்ப்ராக்கெட்டில் மண் அப்பியதும் செயின் தானாக இறுகும், அதனால் அந்தச் சேற்றோடேயே அளந்து சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, "செயினைத் தளர்த்த நிப்பிளைக் (கிரீஸ் ஏற்றும் முனை) கழற்றினால் போதும்" என்பது ஆபத்தான பேச்சு. அட்ஜஸ்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். கிரீஸை வெளியே விடும் ரிலீஸ் வால்வை மட்டும், அதுவும் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல், முகத்தை விலக்கி வைத்துத் திறந்துவிடுங்கள். முழுசாகக் கழற்றவே கூடாது.

அட்ஜஸ்டர் கடைசிவரை வந்தும் தொய்வு போகவில்லையா, அப்புறம் கிரீஸால் பயனில்லை. பின்-புஷ் தேய்மானத்தை அளந்து, தேயாத பக்கம் வரும்படி அவற்றைத் திருப்பிப் போடலாமா என்று பிரஸ் (பின்னைத் தள்ளிக் கழற்றும் அழுத்த இயந்திரம்) வைத்திருக்கும் பட்டறையில் கேளுங்கள்.