மணவாளக்குறிச்சி மண் மஞ்சள் இல்லை, டீச்சர்!

ஓவியப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்கு நடத்துவதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், அது திருட்டுதான். வாரத்துக்கு ஒரே ஒரு பாடவேளை, அதுவும் வெள்ளிக்கிழமை கடைசி. அதை நம்பி என் மகள் வியாழன் இரவே கலர் பென்சில்களைச் சீவி வைக்கிறாள். மறுநாள் பாடம் முடியவில்லை என்று கணக்கு சார் வந்து நிற்கிறார். கணக்கு வகுப்புக்குள் ஒருநாளாவது ஓவிய டீச்சர் போய் நின்றதுண்டா? நின்றால்தான் விடுவார்களா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மேடை கிடைத்தால் போதும், இதைச் சொல்லி மார்தட்டுகிறோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் எழுத்தறிந்த இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரால் சொந்தமாக ஒரு பக்கம் எழுத முடியும்? எழுத விட்டால்தானே!

அபூர்வமாக ஓவிய வகுப்பு நடக்கும் நாளிலும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். 'கடற்கரை' வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். மகள் கரையைக் கறுப்பாகத் தீட்டினாள். ஏனோதானோ என்று அப்பிய கறுப்பு இல்லை. அலை ஏறி இறங்கிய இடத்தில் அழுத்தமான கறுப்பு, மேலே போகப்போக விரலால் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல், நடுவில் கருஞ்சிவப்பாக இரண்டு வரி. ஒரு மாலை முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் அந்த இரண்டு வரி கண்ணில் படும். நோட்டு திரும்பி வந்தபோது படத்தின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. ஓரத்தில், "மண் மஞ்சள் நிறம். கடல் நீல நிறம். மீண்டும் வரைக."

எந்த ஊர் மண் மஞ்சள்? எங்கள் கரையில் கறுப்பாகக் கிடப்பது இல்மனைட், சிவப்பாக ஓடுவது கார்னெட், இரண்டுமே கனிமங்கள். அலையே அதை அரித்துப் பிரித்து வரிவரியாகப் போட்டு வைக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்துதான் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து கிடைத்த தோரியம் கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு, அதாவது சுடரில் ஒளிரும் வலைக்கு, பயன்பட்டது. மணவாளக்குறிச்சியில் ஆலையே வந்தது. எங்கோ இருந்தவர் கயிற்றில் ஒட்டிய மண்ணை உற்றுப் பார்த்தால் அது வரலாறு. அந்த மண்ணிலேயே ஓடி விளையாடும் குழந்தை உற்றுப் பார்த்தால் பெருக்கல் குறியா?

ஏன் என்று கேட்டதற்கு, "போட்டிக்கு அனுப்பினால் இதெல்லாம் எடுபடாது" என்று பதில். சரி, போகட்டும் என்று இருந்திருப்பேன். என் வயிற்றெரிச்சல் அதற்கு அடுத்த படத்தில்தான் இருக்கிறது. யாரும் சொல்லாமலே அவளாக மஞ்சள் பென்சிலை எடுத்தாள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை! தன் கண் பொய் சொல்லும், பள்ளிக்கூடம் பொய் சொல்லாது என்று பதினொரு வயதில் முடிவு கட்டிவிட்டாள்.

தமிழ் வகுப்பு மட்டும் உசத்தியா? குலசேகரத்தில் என் அக்காள் மகன் படிக்கிறான். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். 'மழை நாள்' என்று கட்டுரை. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை, அப்பா விடியுமுன் எழுந்து முற்றத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மறுபடி படுத்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறான். படித்துவிட்டு என் அக்காள் அழுதாள். பள்ளியில் 10-க்கு 3. முன்னுரை இல்லை, உள்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டதை அச்சுப் பிசகாமல் எழுதியவர்களுக்கு எட்டும் ஒன்பதும். அந்தக் கட்டுரையில் பெய்த மழை எந்த ஊரில் பெய்தது என்று எழுதியவனுக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரியாது.

சட்டத்தில் குறையா? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செய்து பார்த்தும் தேடியும் கண்டறிந்தும் குழந்தை கற்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்கு ஆசிரியர் என்கிறது. அவரும் பகுதிநேரம்தான்! தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று 16,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, அப்போது மாதம் 5,000 ரூபாய் சம்பளம். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கலைக்கு அரசு கொடுக்கும் மரியாதை இவ்வளவுதான் என்றால், கணக்கு சார் அந்தப் பாடவேளையை மதிப்பாரா?

அந்த ஆசிரியர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் சம்பளம் குறைவு என்பது சிவப்பு மைக்குச் சமாதானம் ஆகாது. "ஏன் மக்களே கறுப்பு அடித்தாய்?" என்று கேட்க ஒரு காசு செலவில்லை.

படமும் பாட்டும் சோறு போடுமா என்று கேட்பவர்கள் பக்கத்தில் மாத்தூர் வரை போய் வாருங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைத் தொட்டியில் நடத்திக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது முதலில் யாரோ ஒருவர் மனத்தில் படமாக ஓடியிருக்க வேண்டும். அக்காள் மகன் அறிவியல் கண்காட்சிக்கு அந்தத் தொட்டிப்பாலத்தைப் பப்பாளித் தண்டுகளைக் கோத்துச் செய்து, தண்ணீரும் ஓடவிட்டுக் காட்டினான். 'பார்வையாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டு, கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலையை மேசையில் வைத்தார்கள். இந்த மாவட்டத்தில் எரிமலை எங்கே இருக்கிறது?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை நான் கேட்கப் போவதில்லை. நோட்டையும் ஒரு பொட்டலம் கரை மண்ணையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மண்ணைத் தலைமையாசிரியர் மேசையில் கொட்டி, என்ன நிறம் என்று கேட்பேன். அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு, 'படம் சரி' என்று என் மகளின் கண்முன்னே கையெழுத்துப் போட்டுத் தரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.