பித்தநாளத் தழும்பைக் கீழாநெல்லி கரைக்காது

"பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லிச் சாறு போதும், அடைப்பு கரைந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

காமாலைக்கு மருந்து என்று கீழாநெல்லிக்கு இருக்கும் பெயர் சும்மா வரவில்லை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக அதன் பலன் பற்றி. பிறகு நடந்த ஆய்வுகளில் அந்தப் பலனும் உறுதியாகவில்லை. எப்படியானாலும், அது கிருமியால் வரும் காமாலை.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இந்தக் காமாலை வேறு. ஆபரேஷனில், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தில் காயம் பட்டாலோ, கல் அடைத்துத் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தாலோ, ஆறும் இடம் தழும்பாகிச் சுருங்குகிறது. பித்தம் குடலுக்கு இறங்காமல் தேங்குகிறது. மலம் சுண்ணாம்பு போல வெளுக்கும், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும், ராத்திரியில் உள்ளங்கை அரிக்கும். சில நேரம் இது ஆபரேஷன் முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால்தான் பலரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

தழும்பை எந்தச் சாறும் கரைக்காது. பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேனில் சுருக்கம் தெரிந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக பலூனால் விரித்து ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள். முடியாவிட்டால் குடலை நாளத்தோடு இணைக்கும் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கல்லீரலே சுருங்கிவிடும். காமாலையோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.