காணிக்கைக்கு ஏது பாக்கி?

போன வியாழக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி சபை வாட்ஸ்அப் குழுவில், "விதிமுறைப்படிதான் செய்திருக்கிறோம், யாரும் விமர்சிக்க வேண்டாம்" என்று ஒரு செய்தி வந்தது. அதற்குக் கீழே வரிசையாக ஆமென் போட்டிருக்கிறார்கள். அந்த ஆமென்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எந்த வீடு, என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தை மறுபடியும் சந்திக்கு இழுக்க மனமில்லை. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பெரியம்மா ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார்கள். மகன் வாசலில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனிடம் சபைக் கமிட்டிக்காரர்கள் சங்க நோட்டை, அதாவது சபையார் கட்டும் சந்தாக் கணக்கை விரித்து, நாலு வருஷக் கட்டத்தில் விரல் வைத்து, "இதை முடிச்சிட்டா குழி வெட்டச் சொல்லிரலாம் தம்பி" என்கிறார்கள். 2,400 ரூபாய். அவன் மச்சானைக் கூப்பிட்டு ஜிபே பண்ணச் சொல்கிறான். அங்கேயே ரசீது எழுதினார்கள். ரசீதில் தலைப்பு: சங்கக் காணிக்கை.

காணிக்கை என்றால் என்ன? மனசார எடுத்து வைப்பது. பாக்கி என்றால் என்ன? கடன். காணிக்கையில் எப்படி ஐயா பாக்கி விழும்? பாக்கி என்று சொன்ன நிமிஷமே அது காணிக்கை இல்லை, வரி. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9-ல் இருக்கிறது. நம் காணிக்கைக் கவரிலேயே அந்த வசனத்தை அச்சடித்து வைத்திருக்கிறோம். கவரில் ஒன்று, மரண வீட்டு வாசலில் இன்னொன்றா?

அந்தப் பெரியம்மா யார் தெரியுமா? அசனம் என்கிற சபை விருந்துக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் உட்கார்ந்து விடிய விடிய வெங்காயம் உரிப்பவர்கள். இருபது வருஷமாவது பார்த்திருப்பேன். அதற்கு எந்த நோட்டிலாவது கட்டம் இருக்கிறதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினாலு வயசு. அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள். அது கோயிலுக்கு. நாங்கள் கஞ்சி குடித்த நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. அப்பா இறந்த அன்றைக்கும் ஒருவர் நோட்டோடு வந்தார். அம்மா உள்ளே போனாள், கம்மலைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். மாமா அடகுக் கடைக்குப் போனார். தூர்ந்துவிடக் கூடாதென்று காதுத் துளையில் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொண்டு அடக்க ஆராதனையில் நின்றாள். தாலி அறுத்தவள், அதனால் கழற்றிவிட்டாள் என்று ஊர் நினைத்தது. எனக்கு மட்டும் தெரியும். பாமாலை பாடிய நேரமெல்லாம் நான் அந்த ஈர்க்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை அந்தப் பையன் முகத்தைப் பார்த்தபோது அதே ஈர்க்குதான் கண்ணில் குத்தியது.

சரி, "கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டிக்குச் சம்பளம் யார் கொடுப்பது, கரண்டு பில் யார் கட்டுவது" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சபை நடக்கப் பணம் வேண்டும், சங்கம் கட்ட முடிந்தவர்கள் கட்டத்தான் வேண்டும். நானும் கட்டுகிறேன். ஆனால் அதைக் கேட்க ஐஸ் பெட்டிப் பக்கம்தான் இடம் கிடைத்ததா? போன அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் 6,000 ரூபாய்க்கு ஏலம் போனது, எல்லோரும் கை தட்டினோம். அந்த ஏலப் பணம் இன்னும் முழுசாக வரவில்லை என்று கமிட்டியில் இருப்பவர்களே சொல்கிறார்கள். ஏலம் எடுத்தவர் வீட்டு வாசலுக்கு நோட்டு போனதா? போகாது. பெரிய மனுஷனுக்குத் தவணை, விதவைக்கு விதிமுறை. யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதைக் கண்டித்து எழுதியிருப்பதை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள்.

சபைக்குள் கமிட்டி என்ற ஒன்று முதலில் எதற்கு வந்தது? அப்போஸ்தலர் 6. எருசலேமில் அன்றாட விசாரணையில், அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டில், சில விதவைகள் விட்டுப்போனார்கள். அந்த முறுமுறுப்பைத் தீர்க்கத்தான் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். விதவைகளுக்காகத்தான் அந்த ஏழு பேர்!

அதற்குப் பிறகும் அப்படித்தான் இருந்தது. கி.பி. 197 வாக்கில் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற ஆதிச் சபை எழுத்தாளர் எழுதியிருக்கிறார்: மாதம் ஒரு முறை விருப்பமும் வசதியும் உள்ளவர் போடுவார், கட்டாயம் கிடையாது. அந்தப் பணம் எதற்குப் போகும்? ஏழைகளுக்குச் சாப்பாடு போட, அநாதைப் பிள்ளைகளைப் பார்க்க, ஏழைகளை அடக்கம் பண்ண. ஆமாம், அடக்கம் பண்ண! சபை தன் பெட்டியிலிருந்து கொடுத்து ஏழையை அடக்கம் பண்ணியது. நாம் அடக்கத்தை நிறுத்திவைத்துப் பெட்டியை நிரப்புகிறோம்.

ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி நான் கேட்ட பிரசங்கத்துக்குக் கணக்கில்லை. மாற்கு 12-ல் அந்தப் பகுதி 41-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தின 40-ஆம் வசனத்தை வைத்து யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறீர்களா? மதத் தலைவர்களான வேதபாரகரைக் கண்டித்து, "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" என்று இருக்கிறது. ஆண்டவர் அதைச் சொன்ன கையோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"மத்தேயு 18-ன்படி முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாமே" என்று ஒரு அண்ணன் இன்பாக்சில் வந்தார். அண்ணே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாகச் சொன்னேன். போன வருஷம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்த லட்சணம்தான் வியாழக்கிழமை. "புறமதத்தார் வாசித்தால் என்ன நினைப்பார்கள்" என்பவர்களுக்கு ஒன்று: அந்தத் தெருவில் பாதி வீடு இந்து வீடு. அவர்கள் வாசிக்கத் தேவையில்லை, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் பிள்ளைகள் ஏன் வேறு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொரு கமிட்டியிலும் புலம்புகிறோம். உபதேசம் பிடிக்காமலா போகிறார்கள்? அங்கே உடம்பு சரியில்லை என்றால் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள், அதனால் போகிறார்கள். நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப் ஆன அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முன்னால் நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பிறந்த திருநெல்வேலி மண்ணில், வெள்ளைக்காரன் யாரும் இல்லாத நம் சபையில், அந்தப் பையன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றான். நானும் பத்தடி தள்ளித்தான் நின்றேன். அந்த 2,400-ஐ நான் கொடுத்திருக்கலாம். கை பாக்கெட்டுக்குப் போகும் முன்னால் மச்சான் அனுப்பிவிட்டான். அதுவும் எனக்கு உறுத்துகிறது.

நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. மினிட்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன்: மரண வீட்டுக்குச் சங்க நோட்டு போகக் கூடாது. போதகர் ஐயரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். ஆமென் போட்டவர்களும் வாருங்கள், என் முகத்தைப் பார்த்து மாட்டோம் என்று சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.