எபிகியூரஸ் கேட்ட சீஸ்

போன மாதம் கிட்னியில் கல் வந்து இரண்டு ராத்திரி துடித்துவிட்டேன். உட்கார முடியாது, படுக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அந்த ராத்திரிகளில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தவர், இன்பமே வாழ்வின் நோக்கம் என்று சொன்ன பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகியூரஸ்.

அவரும் கல்லடைப்பில்தான் இறந்தார். கி.மு. 270, ஏதென்ஸ். 14 நாள் படுக்கை. கடைசி நாளில் நண்பர் இடோமெனியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர் பிரியாத வலி, வயிற்றுக்கடுப்பு, இதற்கு மேல் கூடுவதற்கு எதுவும் இல்லை என்கிறார். அதே கடிதத்தில் இதை இன்பமான நாள் என்றும் சொல்கிறார். நாம் பேசிய பேச்சுகளை நினைக்கும்போது வரும் சந்தோஷம் அத்தனை வலிக்கும் ஈடாக நிற்கிறதாம்.

இந்த மனிதரைத்தான் குடி, கூத்து, தீனி என்று வாழச் சொன்னவராக உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ருசி பார்த்துச் சாப்பிடுபவரைக் குறிக்கவே அவர் பெயரிலிருந்து ஒரு சொல் இருக்கிறது. எனக்கு இது பொறுக்கவே மாட்டேன் என்கிறது. அவர் நண்பரிடம் கேட்டது ஒரு சின்னக் குடுவை சீஸ். விருந்து சாப்பிடத் தோன்றும்போது எடுத்துக்கொள்வாராம்! மற்றபடி ரொட்டி, தண்ணீர். இன்பம் என்று அவர் சொன்னது உடம்பில் வலி இல்லாமல், மனதில் கலக்கம் இல்லாமல் இருப்பதை.

மனிதனை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார் என்பது என் கருத்து. பசி கொஞ்சம்தான் கேட்கும், கிடைத்ததும் அடங்கிவிடும். பேரும் புகழும் பதவியும் அப்படி அடங்காது. வயிற்றுக்கு எவ்வளவு போட்டாலும் நிறையாது என்கிறோமே, அது வயிற்றின் மேல் நாம் போடும் பழி என்பது அவர் கட்சி. நிறையாதது வயிற்றைப் பற்றிய நம் நினைப்புதான்.

அரசியல் பக்கமே போகாதீர்கள் என்றார், அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஏதென்ஸில் அவர் வாங்கிய தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் கூட உட்கார்ந்து தத்துவம் படித்தார்கள். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா? தன்னோடு சேர்ந்து படித்த மிஸ் என்ற அடிமைக்கும் வேறு சிலருக்கும் உயிலிலேயே விடுதலை எழுதிவைத்தார்.

நல்வாழ்வுக்கு அறிவு தேடித்தருவதில் எல்லாவற்றையும்விடப் பெரியது நட்பு என்றார். அதற்கு வேறு விளக்கம் வேண்டாம், அந்தக் கடைசிக் கடிதத்தின் முடிவைப் பார்த்தாலே போதும். மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். மெட்ரோடோரஸ் அவருக்கு முன்பே இறந்துபோன தோழர். உயிலிலும் அந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். மகளுக்கு வயது வந்ததும் கல்யாணம் செய்துவைக்க ஏற்பாடு, சீதனம், எல்லாம் எழுதியிருக்கிறார்.

வலியைத் தாங்கினார் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த இரண்டு ராத்திரியும் எனக்கு என் இடுப்பைத் தவிர வேறு நினைவே இல்லை. பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்த மனைவி சாப்பிட்டாளா என்றுகூட நான் கேட்கவில்லை.